மேட்டூர் தண்ணீர் எங்கள் ஏரிக்கு: வெட்டுவதா, தூக்குவதா, பழைய வாய்க்காலைத் திறப்பதா?

போன வாரம் ஏரிக்கரை வேப்பமரத்தடியில் எங்கள் விவசாயிகள் சங்கக் கூட்டம் நடந்தது. அக்டோபர் 2 கிராம சபையில் கொடுக்கப்போகும் மனுவில் எதைக் கேட்பது என்பதுதான் பேச்சு. எங்கள் ஊர் ஓமலூருக்கும் தாரமங்கலத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஏரி உண்டு, அதில் சீமைக் கருவேலம்தான் நிற்கிறது. மேட்டூர் அணை நிரம்பி 16 கண் மதகில் வெள்ளம் சீறிப் போவதை டிவியில் பார்க்கிறோம். அதே வாரம் எங்கள் தெருவில் போர்வெல் வண்டிக்காரர் 900 அடி இறக்கியும் புழுதிதான் பறந்தது என்று ராடுகளைக் கழற்றிக்கொண்டு போகிறார்.

கூட்டத்தில் மூன்று யோசனைகள் வந்தன. மேட்டூரிலிருந்து திறந்த வாய்க்கால் வெட்டித் தரச் சொல்வது ஒன்று. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் உபரி நீர்த் திட்டத்தின் குழாயை எங்கள் ஏரி வரை நீட்டச் சொல்வது இன்னொன்று. சரபங்கா ஆற்றிலிருந்து எங்கள் ஏரிக்கு வந்துகொண்டிருந்த பழைய வரத்து வாய்க்காலை மீட்டுத் தரச் சொல்வது மூன்றாவது. இளவட்டங்கள் எல்லாம் முதல் யோசனையின் பக்கம். டிப்ளமோ சிவில் முடித்த என் அக்கா மகன் எழுந்து கேட்டான்: "பனாமாவுல மலையையே வெட்டிக் கப்பல் விட்டாங்க மாமா. நமக்கு முப்பது கிலோமீட்டர் வாய்க்கா வெட்டறதுக்கு என்ன?"

நல்ல கேள்விதான். அங்கேயே நின்று பதில் சொல்ல நேரம் பத்தவில்லை. சங்கத்துக்கு மனு எழுதுகிறவன் நான் என்பதால், பேனாவை எடுப்பதற்கு முன் மூன்றையும் எடை போட்டுப் பார்த்தேன். பக்கத்து ஊர்க்காரர்களும் இதே யோசனையில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

பாரிஸில் கை தூக்காத எட்டுப் பேர்

பனாமாவில் மலையை அடிமட்டம் வரை வெட்டிக் கடலோடு கடலைச் சேர்க்கப் போனவர்கள் தோற்றுப்போனார்கள். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். இன்றைக்கு அங்கே கப்பல் போவது வேறு வழியில். பெரிய கதவு வைத்த தொட்டிகளுக்குள் தண்ணீரை நிரப்பிக் கப்பலைக் கடல் மட்டத்துக்கு மேலே 26 மீட்டர் தூக்குகிறார்கள். மேலே செயற்கை ஏரியில் மிதந்து போய், அந்தப் பக்கம் அதே மாதிரி இறங்குகிறது.

வெட்டுவதா தூக்குவதா என்ற இந்தக் கேள்வியை 1879 மே மாதமே பாரிஸில் ஒரு மாநாடு கூடிப் பேசியது. முன்னின்று நடத்தியவர் சூயஸ் கால்வாய் வெட்டிப் பேர் வாங்கிய ஃபெர்டினாண்ட் டி லெஸப்ஸ். அவர் எஞ்சினியர் கிடையாது, தூதராக இருந்தவர். சூயஸ் தட்டையான மணல் பூமி. அங்கே நேராக வெட்டியது போல இங்கேயும் வெட்டிவிடலாம் என்றார். கோதின் டி லெபினே என்ற பிரெஞ்சு எஞ்சினியர் வேறு வழி சொன்னார். ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டி ஏரியாக்குங்கள், கப்பலைப் படிப்படியாக ஏற்றி இறக்குங்கள், மலையை வெட்டும் வேலை பெரும்பாலும் மிச்சமாகும் என்றார். வாக்கெடுப்பில் டி லெஸப்ஸின் திட்டத்துக்கு ஆதரவு 74, எதிர்ப்பு 8. வீண் சாவுகளின் பாரத்தை என் மனசாட்சி மேல் ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்லித்தான் லெபினே எதிர்த்து வாக்களித்தார்.

1881-ல் பிரெஞ்சுக் கம்பெனி வேலையைத் தொடங்கியது. 1889-ல் திவாலானது. நடுவில் ஏறக்குறைய 22,000 பேர் இறந்திருப்பார்கள் என்பது பின்னால் போட்ட மதிப்பு. மதிப்பு என்றுதான் சொல்ல முடியும். ஆஸ்பத்திரிக்குள் இறந்தவர்களைத்தான் கம்பெனி ஏட்டில் எழுதினார்கள். கொட்டகையிலும் காட்டிலும் செத்துக் கிடந்தவர்கள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஜமைக்காவிலிருந்தும் பக்கத்துத் தீவுகளிலிருந்தும் கப்பலேறி வந்த கூலிக்காரர்கள்தான் அதில் பெரும்பாலானவர்கள்.

அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கோன் மலைச்சரிவில் நல்ல காற்றோட்டமான இடத்தில் கட்டியிருந்தார்கள். நோயாளி மேல் எறும்பு ஏறாமலிருக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர் நிரப்பிய கிண்ணங்களில் நிறுத்தினார்கள். நம் வீடுகளில் பலகார அலமாரியின் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பார்களே, அதேதான். அந்தக் கிண்ணத்துத் தண்ணீரில் கொசு முட்டையிட்டது. ஜன்னலுக்கு வலை கிடையாது. ஒரு கட்டிலில் மஞ்சள் காய்ச்சல்காரர், பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து வந்தவர். கால் முறிந்தவர் காய்ச்சலில் போய்விடுவார். கொசுதான் காய்ச்சலைக் கொண்டுபோகிறது என்பதை அன்றைய மருத்துவ உலகம் இன்னும் ஏற்றுக்கொண்டிருக்கவில்லை. இதைப் படித்த நாளிலிருந்து எங்கள் வீட்டு அலமாரிக் கிண்ணத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டில்கள் ஞாபகம் வருகிறது.

1904-ல் அமெரிக்கா வேலையைக் கையில் எடுத்தது. வில்லியம் கோர்காஸ் என்ற ராணுவ மருத்துவர் வீடு வீடாகப் புகை போட்டு, தேங்கிய தண்ணீரில் எண்ணெய் ஊற்றி, ஜன்னல்களுக்கு வலையடித்து மஞ்சள் காய்ச்சலை ஒழித்தார். 1906-ல் வெட்டும் திட்டத்தைக் கைவிட்டுத் தூக்கும் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 27 வருடத்துக்கு முன் லெபினே சொன்னதன் சாரம் அதேதான். அவர் அப்போது உயிரோடு இல்லை. 1914 ஆகஸ்ட் 15-ல் கால்வாய் திறந்தது.

அந்த நல்ல திட்டத்திலும் 5,609 பேர் இறந்தார்கள். இது அமெரிக்க அரசாங்கத்தின் சொந்தக் கணக்கு. இவர்களிலும் பெரும்பாலோர் பார்படோஸ் போன்ற தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். மணிக்கு 10 சென்ட் கூலி. வெள்ளைக்காரர் சம்பளப் பட்டியலுக்குப் பேர் தங்கப் பட்டியல், இவர்களுடையது வெள்ளிப் பட்டியல். தபால் ஆபீஸில்கூட இரண்டு ஜன்னல். ஏரி வைத்தாலும் நடுவில் குளேப்ரா மேட்டை வெட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. 1908 டிசம்பர் 12-ல் பாஸ் ஒபிஸ்போ என்ற இடத்தில் பாறைக்குள் திணித்து வைத்திருந்த 22 டன் டைனமைட் நேரத்துக்கு முன்பே வெடித்தது. 23 பேர் செத்தார்கள். வெட்ட வெட்டக் கரை சரிந்து வந்து மூடிக்கொண்டது. திரும்ப வெட்டினார்கள்.

ஆக, எத்தனை பேர் சாகப்போகிறார்கள் என்பதில் பெரும்பகுதி மண்வெட்டி எடுப்பதற்கு முன்பே, எந்தத் திட்டம் என்று மேஜையில் கை தூக்கும்போதே முடிவாகிவிடுகிறது. எங்கள் கூட்டமும் அப்படிப்பட்ட ஒரு மேஜைதான் என்று நினைத்துக்கொண்டுதான் மேலே யோசித்தேன்.

நம் பக்கத்து மட்டம் என்ன?

மேட்டூர் அணை முழுதாக நிரம்பி 120 அடி நிற்கும்போது அந்தத் தண்ணீரின் மட்டம் கடல் மட்டத்திலிருந்து 790 அடி. சேலம் நகரம் சுமார் 278 மீட்டர், அதாவது 910 அடிக்கு மேல். ஓமலூர்ப் பக்கம் இன்னும் மேடு. அணையில் தண்ணீர் விளிம்பு வரை நின்றாலும் நாங்கள் அதற்கு மேலே நூறு அடிக்குக் குறையாமல் உட்கார்ந்திருக்கிறோம். தண்ணீர் தானாக மேலே ஏறாது.

அணையிலிருந்து கிழக்குக் கரை, மேற்குக் கரை வாய்க்கால்கள் ஓடுகின்றனவே என்று கேட்கலாம். அவை தெற்கே தாழ்ந்து போகிற நிலத்தில் போகின்றன. அதனால்தான் சேலம், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்கு மோட்டார் இல்லாமல் பாய்கிறது. ஈரோட்டுப் பக்கம் காலிங்கராயன் வாய்க்கால் எழுநூறு வருடத்துக்கு மேலாக ஓடுவதும் அதே கணக்கில்தான். பாம்பு ஊர்ந்து போன தடத்தில் வெட்டினார்கள் என்று கதை சொல்வார்கள். அப்படி வளைந்து வளைந்து போவது நிலத்தின் மட்டத்தை ஒட்டிப் போவதால். மேட்டை வெட்டவில்லை, சுற்றிப் போனார்கள். வெட்டிய காலிங்கராயன், தன் வம்சத்தார் அந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு ஊத்துக்குளிக்குக் குடிபோனார் என்பதும் கொங்கு நாட்டில் இன்றுவரை சொல்லப்படுகிற கதை. தன் லாபத்துக்காக வெட்டினான் என்ற பேச்சு வரக் கூடாது என்பதற்காகவாம்.

காவிரி, சரபங்கா, திருமணிமுத்தாறு, அய்யாறு இணைப்புக் கால்வாய் என்ற பழைய கோரிக்கை ஒன்றும் இருக்கிறது. தாழ்வான நாமக்கல் பக்கத்து ஊர்கள் அதைக் கேட்பதில் நியாயம் உண்டு. எங்கள் மேட்டுக்கு அது ஆகாது. திறந்த வாய்க்கால்தான் வேண்டும் என்றால் நூறு, நூற்றிருபது அடி ஆழத்துக்குக் கிலோமீட்டர் கணக்கில் வெட்ட வேண்டும். கரையை ஓரடி ஆழத்துக்கு ஓரடி அகலம் என்று சாய்த்தால் மேலே 240 அடி அகலத்தில் நிலம் போகும். பாறையாக இருந்தால் செங்குத்தாக வெட்டலாம், அப்போது வெடி வைக்க வேண்டும். வெட்டிய மண்ணைக் கொட்ட அதற்கு மேலும் நிலம் வேண்டும். அப்படி ஒரு பள்ளம் விழுந்தால் இரண்டு பக்கமும் இருக்கிற கிணறுகளின் நீர் அதற்குள் கசிந்துவிடும். நாங்கள் கேட்பது வாய்க்கால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது ஒரு குளேப்ரா.

நிலம் யாருடையது, கையெழுத்து யாருடையது

எஞ்சினியரிங் ஒரு பக்கம் இருக்கட்டும். என்னை அதைவிட அதிகம் நிறுத்தியது வேறு விஷயம்.

பனாமா அப்போது கொலம்பியாவின் ஒரு மாகாணம். அமெரிக்கா கேட்ட ஒப்பந்தத்தை 1903 ஆகஸ்டில் கொலம்பிய செனட் நிராகரித்தது. நவம்பர் 3-ல் பனாமா தனி நாடு என்று அறிவித்துக்கொண்டது. கொலம்பியப் படை வந்துவிடாமல் அமெரிக்கப் போர்க்கப்பல் காவல் நின்றது. நவம்பர் 18-ல் வாஷிங்டனில் கால்வாய் ஒப்பந்தம் கையெழுத்தானது. பனாமா சார்பில் கையெழுத்துப் போட்டவர் பனாமாக்காரர் இல்லை. பிலிப் புனோ-வாரியா என்ற பிரெஞ்சுக்காரர், பழைய கம்பெனியோடு தொடர்புள்ளவர். பனாமாவின் தூதுக்குழு ரயிலில் வந்து இறங்கியது அன்று இரவுதான். இறங்கியதும் காதில் விழுந்த சேதி, ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்பது. பத்து மைல் அகலத்துக்கு நாட்டின் நடுவே ஒரு பட்டை நிலம், என்றென்றைக்கும் அமெரிக்கா தன் மண் போல ஆளலாம் என்று எழுதியிருந்தது. விலை ஒரு கோடி டாலர், அதற்குமேல் வருடம் இரண்டரை லட்சம்.

அந்தப் பட்டைக்குள் பழைய ஊர்கள் இருந்தன. சில, கால்வாய்க்காகத் தேக்கிய காட்டுன் ஏரிக்குள் மூழ்கின. மூழ்காத ஊர்களையும் 1912 உத்தரவு ஒன்றினால் காலி செய்ய வைத்தார்கள். சொந்த நாட்டுக்குள் தங்கள் கொடியைப் பறக்கவிடக் கேட்டு 1964 ஜனவரி 9-ல் மாணவர்கள் போனார்கள். அதில் மூண்ட கலவரத்தில் இருபதுக்கு மேற்பட்ட பனாமாக்காரர்கள் உயிர்விட்டார்கள். அந்த நாள் அங்கே இன்றும் தியாகிகள் தினம். 1977-ல் புதிய ஒப்பந்தம் போட்டு, கால்வாய் அவர்கள் கைக்கு வந்தது 1999 டிசம்பர் 31-ல். ஒரு ராத்திரியில் போட்ட கையெழுத்தைத் திருத்த 96 வருடம்.

சூயஸிலும் கதை இதே வழியில்தான் போனது. 1859-ல் தொடங்கி முதல் சில வருடங்கள் எகிப்து விவசாயிகளை ஊர் ஊராகப் பிடித்துவந்து கட்டாய வேலை வாங்கினார்கள். கையாலும் கூடையாலும் மணல் சுமந்தார்கள். அந்தக் கட்டாய வேலையை நிறுத்தியதற்கும், கொடுத்த நிலத்தைத் திரும்ப எடுத்ததற்கும் எகிப்தே கம்பெனிக்கு 84 மில்லியன் பிராங்க் நஷ்டஈடு தர வேண்டியதாயிற்று. கடன் கழுத்தை நெரித்து, 1875-ல் தன் பங்குகளை 40 லட்சம் பவுண்டுக்கு பிரிட்டனிடம் விற்றது. 1882-ல் பிரிட்டிஷ் படையே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. வெட்டியவனுக்குக் கால்வாய் இல்லை, நாடும் இல்லை. 1956-ல் எகிப்து அதிபர் நாசர் நாட்டுடைமை ஆக்கும்வரை.

நம் பக்கமும் சொல்ல உண்டு. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பெரியவர்கள் சொன்ன 1876-78 பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்ட அடி கொஞ்சம் இல்லை. 1871 குடிக்கணக்கில் ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்த ஜில்லாவில் 1881-ல் 16 லட்சத்துக்குக் கீழே. அந்தச் சமயத்தில்தான் சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயின் அடையாறு–கூவம் பகுதியைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். 1877-ல் நிவாரண வேலைக்கு வந்த ஆண்பிள்ளைக்கு நாள் கூலியை ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் என்று குறைத்தார், பஞ்சத்தைக் கவனிக்க பிரிட்டிஷ் அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள். ஒரு ராத்தல் என்றால் அரைக் கிலோகூட இல்லை. அதைத் தின்றுவிட்டு மண் சுமக்க வேண்டும். கால்வாய்க்கு ஆளுநரான பக்கிங்ஹாம் பிரபுவின் பேர் வைத்தார்கள்.

அப்புறம் மேட்டூர். என் ஆயா பிறந்த ஊர் அணைக்குள் இருக்கிறது. 1925-ல் கட்டத் தொடங்கி 1934 ஆகஸ்ட் 21-ல் திறந்தார்கள். அதற்கும் ஆளுநர் ஸ்டான்லியின் பேர். 59 சதுர மைலுக்கு மேல் தண்ணீர் பரவிய இடத்தில் ஊர்களும் கோயில்களும் மாதா கோயிலும் இருந்தன. தண்ணீர் மிகவும் இறங்குகிற வருடங்களில் பண்ணவாடிப் பரிசல் துறையிலிருந்து பார்த்தால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தெரியும், இரட்டைக் கோபுர மாதா கோயிலும் தெரியும். சின்ன வயதில் ஒரு கோடையில் ஆயாவைக் கூட்டிக்கொண்டு போனோம். நந்தியின் கழுத்து வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. எல்லாரும் நந்தியைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருக்க, ஆயா கும்பிடவில்லை. எதிர்த்திசையில் வெறும் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அங்க ஒரு புளியமரம், அதுக்கு நேரா எங்க வாசல்" என்றார். நாங்கள் பார்த்தபோது அங்கே ஒன்றுமே இல்லை. அவருக்கு அப்போது அறுபது தாண்டியிருந்தது. பன்னிரண்டு வயதில் விட்டு வந்த வாசல்.

டெல்டாவில் லட்சக்கணக்கான ஏக்கர் அந்த அணையால்தான் விளைகிறது. அணை கட்டியது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், ஆயாவும் சொன்னதில்லை. ஆனால் 1924-ல் காவிரித் தண்ணீருக்காக மதராஸும் மைசூரும் ஒப்பந்தம் போட்டபோது, மூழ்கப்போகிற ஊர்க்காரர் ஒருவர்கூட அந்த மேஜையில் இல்லை. திறந்த வாய்க்கால் கேட்டு நாங்கள் கையெழுத்துப் போட்டால், எங்களுக்கும் மேட்டூருக்கும் நடுவில் இருக்கிற ஊர்க்காரர்களின் நிலத்துக்கு நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம். 2018-ல் எட்டுவழிச் சாலைக்கு அளவைக் கல் நட்டபோது சேலத்தைச் சுற்றிய ஊர்களில் பெண்கள் வயலில் விழுந்து அழுததை நாம் எல்லாரும் பார்த்தோம். அந்தக் கல்லை இன்னொருவர் தோட்டத்தில் நடச் சொல்லி நான் மனு எழுத மாட்டேன்.

குழாய் யோசனை

இதற்கு நல்ல பக்கம் நிறைய உண்டு. 2020-ல் அடிக்கல் நாட்டிய மேட்டூர் உபரி நீர்த் திட்டம் 565 கோடி ரூபாயில் 100 வறண்ட ஏரிகளுக்குப் போட்டது. திப்பம்பட்டியில் நீரேற்று நிலையம். அணை நிரம்பி வழிகிற காலத்தில் மட்டும் தண்ணீரை மோட்டார் வைத்துத் தூக்கிக் குழாயில் ஏரி ஏரியாக விடுவது ஏற்பாடு. லெபினே கப்பலைத் தூக்கச் சொன்னார், இங்கே தண்ணீரைத் தூக்குகிறார்கள். குழாய் பதித்த பின் மேலே மண்ணை மூடிவிடலாம், கடலையோ சோளமோ போட்டுக்கொள்ளலாம். ஊர் மூழ்காது.

குறையும் உண்டு. கரண்ட் நின்றால் தண்ணீர் நிற்கும். மோட்டார் ரூம் சாவி முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அணை நிரம்பாத வருடம் ஒரு சொட்டும் வராது. எங்களுக்கு வறட்சி வருகிற வருடமும் பெரும்பாலும் அதேதான். டெல்டா விவசாயிகள் இந்தத் திட்டத்தை எதிர்த்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஜூன் 12-ல் அணை திறக்குமா என்று வருடா வருடம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். உபரி என்று பேர் வைத்து எடுக்கத் தொடங்கிவிட்டு, நாளைக்கு உபரி இல்லாதபோதும் எடுப்பார்களோ என்ற பயம் நியாயமான பயம். அதனால் மனுவில் "அணை நிரம்பி வெளியேறும் காலத்தில் மட்டும்" என்ற வார்த்தையை நாங்களே எழுதிக் கொடுப்பது நல்லது.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கீழ்பவானி மண் வாய்க்காலுக்கு கான்கிரீட் போடப் போனபோது ஈரோட்டு விவசாயிகள் பலர் ஏன் மறித்தார்கள்? வாய்க்காலில் கசிகிற தண்ணீர்தான் அவர்கள் கிணற்றுக்கு ஊற்று. குழாயில் கசிவு இல்லை. வழியில் இருக்கிற ஊர்களுக்குப் பள்ளம் தோண்டிய தொந்தரவு மட்டும் மிச்சம். ஏரிக்குள் வந்து விழுந்த பிறகுதான் நிலத்தடிக்கு எதுவும் இறங்கும். அந்த ஏரியில் இப்போது சேறும் கருவேலமும் இருக்கின்றன.

வரத்து வாய்க்கால்

சேர்வராயன் மலையில் ஏற்காட்டுப் பக்கம் வருடத்துக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் மழை. கீழே எங்களுக்கு 1,000-ஐத் தொடுவதில்லை. அந்த மலைத் தண்ணீர்தான் சரபங்காவாக ஓமலூர், எடப்பாடி வழியே ஓடிக் காவிரியில் சேருகிறது. போகிற வழியில் ஏரிகளுக்குப் பிரித்துவிட நம் முன்னோர் வாய்க்கால் வெட்டி வைத்தார்கள். மேட்டூர் எங்களுக்குக் கீழே இருக்கிறது, சேர்வராயன் எங்களுக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து தண்ணீர் வர மோட்டாரும் வேண்டாம், மலையை வெட்டவும் வேண்டாம்.

கூட்டம் முடிந்த மறுநாள் பழைய சர்வே வரைபடத்தை வாங்கிக்கொண்டு நானும் இரண்டு பேரும் வாய்க்கால் தடத்தில் நடந்தோம். ஆற்றில் பிரிகிற இடத்தில் கல்லால் கட்டிய பழைய தலைப்பு மதகு மண்ணுக்குள் முழங்கால் உயரத்துக்குப் புதைந்து இன்னும் இருக்கிறது. கல்லில் பலகை செருகுகிற பள்ளம் தேயாமல் இருக்கிறது, விரலை விட்டுப் பார்த்தேன். அங்கிருந்து கொஞ்ச தூரம் வாய்க்கால் நன்றாகவே தெரிகிறது. அப்புறம் ரோடு போட்டபோது வைத்த ஒற்றைச் சிமெண்ட் குழாய், அதுவும் பிளாஸ்டிக் அடைத்து. அதைத் தாண்டி ஒரு விசைத்தறிக் கொட்டகை. அதைத் தாண்டி இரண்டு வீடு.

இந்த யோசனைக்கு மனித விலை கிடையாது என்று யாராவது சொன்னால் அது உண்மை இல்லை. அந்த இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் வேறு இடம் இல்லை. ஒரு வீட்டில் கட்டிலில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர். அவர் எங்களைப் பார்த்ததும் கேட்டது, "அளக்க வந்தீங்களா?" என்பதுதான். அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

வித்தியாசம் என்னவென்றால், இந்த விலையைக் கொடுக்கப்போகிறவர்களை எனக்குப் பேர் சொல்லித் தெரியும். உட்கார்ந்து பேசலாம். அவர்கள் வேண்டாம் என்றால் அந்த வார்த்தை எங்கள் காதில் விழும். வாய்க்காலை இருபது அடி நகர்த்தி வளைத்தும் கொண்டுபோகலாம். தவறாகப் போனால் திருத்திக்கொள்ள 96 வருடம் ஆகாது.

இதற்கும் பலவீனம் உண்டு. மலையில் மழை பொய்த்தால் இதுவும் பொய்க்கும். சரபங்காவில் கலக்கிற சாக்கடையையும் ஆலைக் கழிவையும் தடுக்காவிட்டால் ஏரிக்கு வருவது தண்ணீராக இருக்காது. நாங்கள் எடுக்கிற தண்ணீர் கீழே இருக்கிற ஏரிக்குக் குறையும், அவர்களிடமும் பேச வேண்டும். முதல் இரண்டு வருடம் ஏரி பாதிகூட நிரம்பாமல் போகலாம். பெரிய திட்டம் வந்தது என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது, கல்வெட்டும் இருக்காது.

என் முடிவு இது. மனுவில் முதல் கோரிக்கை வரத்து வாய்க்காலும் ஏரி தூர்வாருதலும். அதற்குள்ளேயே, வாய்க்கால் தடத்தில் குடியிருப்பவர்களுக்கு ஊருக்குள் மனைப்பட்டா கொடுத்து வீடு கட்டி முடித்த பிறகே வேலை தொடங்க வேண்டும் என்ற நிபந்தனை. அந்த இரண்டு வீட்டாரும் படித்துப் பார்த்துச் சம்மதித்தால்தான் அந்தப் பத்தி மனுவில் இருக்கும். இரண்டாவது கோரிக்கை உபரி நீர்க் குழாய், அணை நிரம்பும் காலத்துக்கு மட்டும் என்ற வரம்போடு. திறந்த வாய்க்காலை நான் எழுதவில்லை. சங்கத்தில் பெரும்பான்மை வேண்டும் என்றால் வேறு யாராவது எழுதட்டும், நான் கை தூக்க மாட்டேன்.

அக்கா மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். பனாமாவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தலைப்புக் கல்லுக்கும் ஏரிக்கும் எவ்வளவு இறக்கம் இருக்கிறது என்று மட்டும் கேட்டான். தெரியாது என்றேன். கொத்தனார் ஒருவரிடம் டியூப் லெவல் வாங்கி வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆற்றங்கரையிலிருந்து அளக்கத் தொடங்குகிறோம். படுக்கையில் இருக்கிற பெரியவரின் மகனும் கூட வருகிறேன் என்றிருக்கிறார்.